லாயத்தில் தொடங்கும் சவாரி

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கிய மார்கோ போலோ, இங்கே நடந்த குதிரை வியாபாரத்தைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார். ஓர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. மன்னரும் அவருடைய சகோதரர்களும் ஆளுக்கு இரண்டாயிரம் குதிரை அளவுக்கு வாங்கினார்கள். ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்தால் நூறுகூட மிஞ்சாதாம். எல்லாம் லாயத்திலேயே செத்துப்போயின. சோற்றோடு இறைச்சியைச் சேர்த்து வேகவைத்துக் குதிரைக்குக் கொடுத்தார்கள் என்கிறார். குதிரை வைத்தியம் அறிந்த லாடக்காரர் ஒருவர்கூட அந்த நாட்டில் கிடையாது. அப்படி ஒருவர் வந்து சேராதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். இருக்கிற குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் சரக்கு விலைபோகும்!

பயணிகளின் எழுத்தில் மிகை இருக்கும். எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால், ஏறி உட்காரத் தெரிந்தவர்கள் நிறைய இருந்த நாட்டில் குதிரையை உயிரோடு வைத்திருக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்ற அந்தக் குறிப்பு என் மனதை விட்டு அகலவில்லை. ஏனென்றால், குதிரையேற்றம் கற்றுக்கொள்ளப் போகிற பெரும்பாலோர் இன்றும் அதே இடத்தில்தான் தவறுகிறார்கள். பிள்ளையைப் பயிற்சிக்குச் சேர்த்த பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “எப்போது ஓட்டவிடுவீர்கள்?” என்பது. குதிரை என்ன தின்கிறது, அதன் குளம்பை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு.

இந்தக் கலையில் ஒரு மாணவர் எந்த வரிசையில் முன்னேறுகிறார், எந்தப் படியில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இது இரண்டு கால்களை உடைய ஏணி. ஒரு கால் சேணத்தின் மேலே, மற்றொன்று லாயத்துக்குள்ளே. ஒன்றை மட்டும் நட்டு ஏணியில் ஏற முடியாது.

குதிரையேற்றப் பயிற்சியை ஒழுங்குபடுத்திய நாடுகள் எல்லாம் இதைப் புரிந்துகொண்டுதான் பாடத்திட்டம் வகுத்திருக்கின்றன. பிரிட்டனில் 1929இல் தொடங்கிய போனி கிளப், சிறுவர்களுக்கென ‘இ’ நிலையில் ஆரம்பித்து ‘ஏ’ நிலையில் முடியும் தேர்வுகளை வைத்திருக்கிறது. சவாரி எவ்வளவு நன்றாக வந்தாலும், பராமரிப்புப் பகுதியில் தேறாமல் மேல் நிலைச் சான்று முழுமையாகாது. பிரான்ஸில் ‘கலோ’ என்ற பெயரில் ஏழு படிகள் உண்டு. முதல் படியிலேயே குதிரைக்குப் பக்கத்தில் போவது, கயிற்றைப் பிடித்து நடத்துவது, உடம்பைத் துலக்குவது எல்லாம் சோதிக்கப்படுகின்றன. இந்த நாடுகளின் பெயர்ப்பலகை நமக்கு முக்கியமில்லை. எந்த ஊரில் கற்றாலும் படிகளின் வரிசை ஏறக்குறைய இதுதான்.

முதல் படி தரையில்.

குதிரை வேட்டையாடப்படும் விலங்கு. புல்வெளியில் மேய்ந்துகொண்டே, எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வரும் என்று பார்த்துக்கொண்டே வாழ்ந்த இனம். அதனால் அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. ஏறக்குறைய 350 பாகை அளவுக்கு அதனால் பார்க்க முடியும். பார்க்க முடியாத இடங்கள் இரண்டு: நெற்றிக்கு நேர் முன்னே ஒரு சிறு பகுதி, வாலுக்கு நேர் பின்னே ஒரு பகுதி. இந்த ஒரு செய்தி தெரிந்தால் பாதி விபத்து குறையும். பின்பக்கமாகப் போய்ச் சட்டென்று தொடாதீர்கள். தோளுக்குப் பக்கவாட்டில், குரல் கொடுத்தபடி போய், கழுத்திலோ தோளிலோ கை வையுங்கள். நேரே முகத்துக்கு நேராகக் கையை நீட்டித் தடவப் போவது குழந்தைகள் செய்யும் முதல் காரியம். குதிரைக்கு அது பிடிக்காது. அந்தக் கை அதன் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குள் வந்துவிடுகிறது.

அடுத்தது காது. குதிரையின் மனம் காதில் இருக்கிறது என்று எனக்குக் கற்றுக்கொடுத்த பழைய சைஸ் (குதிரைப் பராமரிப்பாளர்) ஒருவர் சொல்வார். முன்னோக்கி நிமிர்ந்திருந்தால் எதையோ கவனிக்கிறது. பக்கத்துக்கு ஒன்றாகத் தளர்ந்திருந்தால் ஓய்வில் இருக்கிறது. பிடரியோடு ஒட்டி மடிந்திருந்தால் கோபம், விலகி நில்லுங்கள். சவாரியின்போது ஒரு காது உங்கள் பக்கம் திரும்பியிருந்தால், நீங்கள் சொல்வதை அது கேட்டுக்கொண்டிருக்கிறது. இதைப் படிக்கப் பழகாதவர் பிற்பாடு எத்தனை தடை தாண்டினாலும் குதிரையோடு பேசத் தெரியாதவர்தான்.

கயிற்றைப் பிடித்து நடத்துவதற்கும் முறை உண்டு. குதிரையின் இடது தோளுக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். முன்னே இழுத்துக்கொண்டு போகக் கூடாது. மீதிக் கயிற்றை மடித்துக் கையில் பிடிக்க வேண்டும், விரலிலோ மணிக்கட்டிலோ ஒருபோதும் சுற்றிக்கொள்ளக் கூடாது. 400, 500 கிலோ எடையுள்ள விலங்கு ஒரு பிளாஸ்டிக் பை பறப்பதைக் கண்டு மிரண்டு துள்ளினால், சுற்றிய கயிறு விரலை என்ன செய்யும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. இடது பக்கமாக ஏறுவதும் இறங்குவதும் போர்வீரர்களிடமிருந்து வந்த வழக்கம். இடுப்பின் இடது பக்கத்தில் வாள் தொங்கும்போது வலப் பக்கமாக ஏற முடியாது. வாள் போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது.

துலக்குவதைச் சிலர் அழகுக்காகச் செய்யும் வேலை என்று நினைக்கிறார்கள். சேணம் பதியும் இடத்தில் ஒட்டியிருக்கும் சிறு மண்கட்டி, அதன் மேல் ஓர் ஆளின் எடை அமர்ந்து அரைமணி நேரம் உராய்ந்தால் புண்ணாகிவிடும். பல் வைத்த ரப்பர் தேய்ப்பானால் வட்ட வட்டமாகத் தேய்த்து அழுக்கைக் கிளப்ப வேண்டும். பிறகு முரட்டுத் தூரிகை, கடைசியில் மென்மையான தூரிகை. எலும்பு தெரியும் இடங்களில், முகத்தில், கால்களின் கீழ்ப்பகுதியில் முரட்டுத் தேய்ப்பான் படக் கூடாது. இதைச் செய்யும்போதே கை குதிரையின் உடம்பெல்லாம் ஒரு சுற்று வந்துவிடுகிறது. நேற்றில்லாத வீக்கம், சூடு, சிராய்ப்பு எல்லாம் கைக்குத் தட்டுப்படும். துலக்குவது தினசரி உடல் பரிசோதனை.

குளம்புக்கு வருவோம். கிரேக்கரான ஜெனோபன் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் குதிரையேற்றத்தைப் பற்றி எழுதிய நூலில், குதிரை வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது காலடியைத்தான் என்கிறார். அடித்தளம் சரியில்லாத வீடு எதற்கும் உதவாது, அதுபோலத்தான் இதுவும் என்பது அவர் வாதம். மாணவர் காலைத் தூக்கச் சொல்லி, குளம்புக் கொக்கியால் உள்ளே அடைந்திருக்கும் சாணம், மண், கல்லைக் குதிகாலிலிருந்து நுனி நோக்கிச் சுரண்டி எடுக்கப் பழக வேண்டும். நடுவே முக்கோண வடிவில் ரப்பர் போல ஒரு பகுதி இருக்கும். அதைக் குத்தக் கூடாது. அங்கே கறுத்த கசிவும் துர்நாற்றமும் இருந்தால், ஈரக் கொட்டிலில் நிற்கவைத்ததால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். நம் மழைக்காலத்தில் இது சர்வசாதாரணம். குளம்பு நம் நகத்தைப் போல மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். அதனால் லாடம் அடித்திருந்தாலும் அடிக்காவிட்டாலும் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து செதுக்கியாக வேண்டும்.

இவ்வளவும் கற்ற பிறகுதான் ஏறுவதா என்று கேட்காதீர்கள். முதல் நாளே ஏறலாம். ஆனால் வகுப்புக்கு அரைமணி முன்பே வந்து இவற்றில் ஒன்றையாவது கையால் செய்துவிட்டு ஏற வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

ஏறுவதற்கு முன் உடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தலைக்கவசம் கட்டாயம், அது சவாரிக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் கவசம் கழுத்துக்குச் சுமை, பார்வையையும் மறைக்கும். காலணிக்குச் சிறிய குதி இருக்க வேண்டும். குதியில்லாத செருப்பும் ஓட்டக் காலணியும் அங்கவடிக்குள் முழுக்கச் சறுக்கி நுழைந்துவிடும். கீழே விழும்போது கால் அதில் மாட்டிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். சவாரியில் மிகவும் அஞ்ச வேண்டிய விபத்து அதுதான். வயிற்றுவாரை ஏறுவதற்கு முன் ஒருமுறை, ஏறிய பின் ஒருமுறை, சில சுற்றுகள் நடந்த பின் இன்னொருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். சேணம் பூட்டும்போது வயிற்றை உப்பவைத்துக்கொள்ளும் குதிரைகள் உண்டு. நடக்கத் தொடங்கியதும் வார் தளர்ந்துவிடும்.

இரண்டாம் படியில் மாணவர் குதிரையை ஓட்டுவதில்லை. பயிற்றுநர் வட்டத்தின் நடுவில் நின்று நீண்ட கயிற்றால் குதிரையைச் சுற்றவைக்கிறார். மாணவரின் வேலை உட்காருவது மட்டும். கேட்க எளிது. காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்காருவது போலக் காலை முன்னே நீட்டினால் எடை பின்னே போய்விடும். குதிகால் தாழ்ந்து, முழங்கால் இறுகாமல், பார்வை குதிரையின் காதுகளுக்கு நடுவே முன்னே இருக்க வேண்டும். கைகளைப் பக்கவாட்டில் விரித்து, தோளைச் சுழற்றி, அங்கவடியை விட்டு என்று பயிற்சிகள் உண்டு. எல்லாவற்றின் நோக்கமும் ஒன்றே: சமநிலைக்காகக் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்காத உடம்பை உருவாக்குவது.

வியன்னாவில் உள்ள ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியில் இந்தப் படியை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது தெரிந்தால் நம் அவசரம் நமக்கே உறைக்கும். பதினாறாம் நூற்றாண்டிலிருந்து வருகிற நிறுவனம் அது. வெள்ளை லிப்பிசான் ஆண்குதிரைகள் அதன் பெருமை. அங்கே சேரும் மாணவர் கடிவாள வாரும் அங்கவடியும் இல்லாமல் நீண்ட கயிற்றில் மாதக்கணக்கில் உட்காரப் பழகுகிறார். குதிரைகளைப் பராமரிப்பதும் தோல் சாமான்களைத் துடைப்பதும் அவருடைய வேலைதான். வயது முதிர்ந்து தேர்ந்த குதிரைகள் இளம் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும். கற்றுத் தேர்ந்த மாணவர் பிற்பாடு இளம் குதிரைக்குக் கற்றுக்கொடுப்பார். முழுச் சவாரிக்காரர் என்ற பெயர் கிடைக்கப் பத்தாண்டு அளவில் ஆகும். நூற்றாண்டுகளாக ஆண்கள் மட்டுமே கற்ற அந்தப் பள்ளி 2008இல்தான் பெண்களை மாணவராகச் சேர்த்துக்கொண்டது.

குதிரையின் நடைகளைப் பழந்தமிழில் ஐங்கதி என்று ஐந்தாகப் பிரித்தார்கள். இன்றைய பயிற்சி மைதானத்தில் நான்கு: நடை, டிராட், கேன்டர், நாலுகால் பாய்ச்சல். நடையில் நான்கு கால்களும் தனித்தனியாகப் பதியும், காதில் நான்கு தட்டு கேட்கும். டிராட் இரண்டு தட்டு. முன் இடதும் பின் வலதும் ஒரு ஜோடி, முன் வலதும் பின் இடதும் இன்னொரு ஜோடி. கேன்டர் மூன்று தட்டும் ஒரு கண மௌனமும். பாய்ச்சலில் மறுபடியும் நான்கு. நல்ல பயிற்றுநர் முதலில் மாணவரைக் கண்ணை மூடி உட்காரவைத்து, எந்தக் கால் இப்போது பதிகிறது என்று சொல்லச் சொல்வார். இடுப்பால் கேட்கும் பயிற்சி அது.

மூன்றாம் படி டிராட். இங்கேதான் பலர் மாதங்களைச் செலவிடுகிறார்கள், செலவிடவும் வேண்டும். குதிரையின் முதுகு ஒவ்வொரு தட்டுக்கும் உங்களைத் தூக்கிப் போடும். அதனால் ஒரு தட்டுக்கு எழுந்து அடுத்த தட்டுக்கு அமர்கிற முறையைக் கற்றுத்தருவார்கள். வட்டத்தில் போகும்போது, வெளிப்பக்க முன்கால் முன்னே போகையில் எழ வேண்டும், அது மண்ணில் பதியும்போது அமர வேண்டும். காரணம் இல்லாமல் இல்லை. வெளிப்பக்க முன்காலோடு ஜோடி சேர்வது உட்பக்கப் பின்கால். வட்டத்தில் உடம்பைத் தாங்கி முன்னே தள்ளும் கால் அது. அது காற்றில் முன்னே வீசும்போது முதுகில் எடை இல்லாமல் இருந்தால் தாராளமாக வீசும். திசை மாறும்போது நீங்களும் ஒரு தட்டைக் கூடுதலாக அமர்ந்து மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் எப்போதும் ஒரே ஜோடியின் மேல் அமர்கிறவர் குதிரையின் ஒருபக்கத் தசையை மட்டும் களைக்கவைக்கிறார்.

இந்தப் படியில் தேற வேண்டிய பெரிய பாடம் கை. குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி ஒன்று இருக்கிறது. கடிவாள இரும்பு அமர்வது அங்கே, நாக்கின் மேலும் மெல்லிய தோல் போர்த்திய எலும்பின் மேலும். அந்த இரும்பின் இரு முனைகளும் உங்கள் விரல்களில் இருக்கின்றன. டிராட்டில் உங்கள் உடம்பு மேலும் கீழும் போகும்போது கையும் கூடவே போனால், ஒவ்வொரு தட்டுக்கும் அந்த எலும்பின் மேல் ஓர் இழுப்பு விழும். கை தன் இடத்தில் நிற்க, உடம்பு மட்டும் எழுந்து அமர வேண்டும். இது வரும்வரை கேன்டருக்குப் போகக் கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் முதலில் சேர்ந்த இடத்தில் மூன்றாம் வகுப்பிலேயே கேன்டர் ஓட்டவைத்தார்கள். பயத்தில் வாரை இறுகப் பிடித்துத் தொங்கியபடி நான்கு சுற்று வந்தேன். இறங்கியதும் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். கடிவாளத்தைக் கழற்றும்போது குதிரையின் வாயோரத்தில் ரத்தம் இருந்தது. அங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுவாரம் நான் வேறிடம் தேடினேன். அங்கேதான் காதைப் படிக்கச் சொன்ன அந்தச் சைஸ் கிடைத்தார். இரண்டு மாதம் கயிற்றிலேயே சுற்றினேன். அந்த இரண்டு மாதம் வீணானதாக ஒருநாளும் தோன்றியதில்லை.

கை அடங்கியபின் மாணவர் கயிற்றிலிருந்து விடுபட்டுத் தானே வழிநடத்தத் தொடங்குகிறார். குதிரைக்குச் சொல்லும் செய்திகள் எடை, கால், கை, குரல் என்ற வரிசையில் வர வேண்டும். திருப்புவது வாரை இழுத்து அன்று. திரும்ப வேண்டிய பக்கம் பார்வையைத் திருப்பினால் தோளும் இடுப்பும் தாமே திரும்பும், கால் அணைக்கும், கை கடைசியில் மெல்லக் கேட்கும். நிறுத்துவதும் அப்படியே. முதுகை நிமிர்த்தி, மூச்சை விட்டு, இடுப்பின் அசைவை நிறுத்தினால் நன்றாகப் பழகிய குதிரை நின்றுவிடும். நல்ல சவாரியைப் பார்ப்பவர்களுக்கு ஆள் ஒன்றும் செய்யாதது போலத் தெரிவது இதனால்தான்.

கேன்டரும் தாண்டலும் அடுத்து வருகின்றன. கேன்டரில் எந்தப் பக்க முன்கால் முன்னே எட்டி வைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வட்டத்தில் அது உட்பக்கக் காலாக இருந்தால்தான் குதிரை சமநிலையோடு வளையும். தாண்டல் பயிற்சி தரையில் கிடக்கும் கழிகளை டிராட்டில் கடப்பதில் தொடங்கி, சிறிது சிறிதாக உயர்கிறது. தாண்டும் தருணத்தில் குதிரை கழுத்தை நீட்டும், கை அதற்கு இடம் கொடுக்க வேண்டும். முன்பே அடங்கிய கை இருந்தால் இவையெல்லாம் வேகமாக வந்துவிடும். விழுவதும் உண்டு. பல படி ஏறியவர்கள் எல்லாரும் விழுந்தவர்களே. விழுந்து தலை அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்று மறுபடி ஏறாமல் மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை. அடிபட்ட தலைக்கவசத்தை வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்ற வேண்டும்.

இனி லாயத்துப் பக்கம் போவோம். மேலே சொன்ன ஒவ்வொரு படிக்கும் இணையாக இங்கேயும் ஒரு படி ஏற வேண்டும்.

முதலில் தீவனம். குதிரையின் இரைப்பை அதன் உருவத்துக்கு மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர் கொள்ளும். அமிலம் மட்டும் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கும். மாட்டைப் போல ஒருமுறை நிரப்பிக்கொண்டு படுத்து அசைபோடும் வசதி அதற்கு இல்லை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேயப் படைக்கப்பட்ட வயிறு அது. அதனால் புல்தான் அடிப்படை உணவு. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்தீவனம் ஒரு நாளைக்குத் தேவை. 400 கிலோ குதிரைக்கு 6 முதல் 8 கிலோ காய்ந்த புல் என்று வைத்துக்கொள்ளலாம். பச்சைப் புல்லென்றால் அதில் பெரும்பகுதி தண்ணீர், ஆகவே பல மடங்கு வேண்டும். கொள்ளு, ஓட்ஸ், தவிடு எல்லாம் உழைப்புக்கு ஏற்பச் சேர்க்கும் துணை உணவு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். நின்றுகொண்டே இருக்கும் குதிரைக்கு அன்பின் மிகுதியால் தானியத்தை அள்ளிப் போட்டால் குளம்புக்குள் அழற்சி வந்து நடக்கவே முடியாமல் போகலாம். எதைக் கொடுத்தாலும் சிறு பங்குகளாக, தினமும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். தீவனத்தை மாற்ற வேண்டுமானால் ஒரு வாரம், பத்து நாள் எடுத்து மெல்ல மாற்ற வேண்டும். தண்ணீர் நாளைக்கு 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்கும், நம் கோடையில் இன்னும் கூடும். தொட்டி வற்றவே கூடாது. வியர்வையில் உப்பு போய்விடுவதால் நக்குவதற்கு உப்புக்கட்டி வைப்பது நல்லது.

அடுத்து, நோயை முன்கூட்டியே கண்டுகொள்வது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் ஏதாவது அடைத்தாலும் திரண்டாலும் மேலே வர வழியில்லை. வயிற்றுவலி குதிரைக்கு உயிர் போகும் நோயாக இருப்பது இதனால்தான். தீவனத்தைத் தொடாமல் நிற்பது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, முன்காலால் தரையைப் பிறாண்டுவது, படுத்துப் புரள்வது, சாணம் போடாமல் இருப்பது எல்லாம் அதன் அறிகுறிகள். இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் தீவனத்தை எடுத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை உடனே கூப்பிட வேண்டும். காலையில் பார்ப்போம் என்று விடக் கூடாது.

மருத்துவரிடம் சொல்ல மாணவர் மூன்று எண்களை எடுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. தாடையெலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் கிடைக்கும். மூச்சு 8 முதல் 16, விலாவின் அசைவைப் பார்த்து எண்ணலாம். உடல் வெப்பம் ஏறக்குறைய 99 முதல் 101 ஃபாரன்ஹீட். ஈறு இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட, நீங்கள் ஓட்டும் குதிரைக்கு நலமாக இருக்கும் நாளில் எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்வது இன்னும் பயன்படும்.

நம் ஊர் வெயிலுக்கென்று சில கூடுதல் விதிகள் உண்டு. பயிற்சி அதிகாலையில் முடிந்துவிட வேண்டும். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் வியர்வை உலராமல் குதிரை சூடேறிவிடும். சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும் கோளாறும் வரும். உழைத்த குதிரையின் தோல் வெயிலில் காய்ந்திருந்து மூச்சு மட்டும் வாங்கினால் அது ஆபத்து. சவாரி முடிந்ததும் கடைசிப் பத்து நிமிடம் மெல்ல நடத்தி மூச்சை அடக்க வேண்டும். பிறகு தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்து உடம்பைக் குளிரவைக்க வேண்டும். தான் குடிப்பதற்கு முன் குதிரை குடித்ததா என்று பார்ப்பது பழைய குதிரைப்படைகளில் இருந்த ஒழுக்கம். நல்ல லாயங்களில் இன்றும் இருக்கிறது.

உச்சிப் படிக்குப் போனாலும் இந்த இரண்டு கால்களும் பிரிவதில்லை. ஈவென்டிங் என்ற போட்டியில் ஒரே குதிரையும் ஒரே ஆளும் நடைநளினம் (டிரெசாஜ்), நாட்டுப்புற ஓட்டத் தடைகள், மைதானத் தாண்டல் மூன்றையும் செய்ய வேண்டும். பெங்களூருக்காரரான ஃபவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் இதில் தனிநபர் வெள்ளி வென்றார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்யூர் மெடிகாட் என்ற குதிரையோடு இறுதிச்சுற்றுக்குப் போய் 23ஆம் இடத்தில் முடித்தார். அந்தப் போட்டியின் விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்று, தொடங்குவதற்கு முன்பும் கடைசித் தாண்டலுக்கு முன்பும் நடக்கிற குதிரைப் பரிசோதனை. சவாரிக்காரர் கீழே இறங்கி, குதிரையைக் கையில் பிடித்து மருத்துவரும் நடுவர்களும் பார்க்க ஓடிக் காட்ட வேண்டும். குதிரை நொண்டினால் அவர் எத்தனை புள்ளி சேர்த்திருந்தாலும் போட்டி அங்கேயே முடிந்துவிடும். 2023 ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் நடைநளினக் குழுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தங்கம் அது.

எவ்வளவு காலம் ஆகும் என்ற கேள்விக்கு என் பதில் இது. வாரம் ஒரு வகுப்பு என்றால் உட்காரப் பழகவே சில மாதங்கள் ஆகும். வாரம் மூன்று நாள் போய், லாயத்திலும் கை வைத்தால், ஓராண்டில் நடை, டிராட், கேன்டர் மூன்றிலும் தனியாக ஓட்டவும் சேணம் பூட்டவும் வரும். அதற்கு மேல் வருடக்கணக்கு. இடையில் பல வாரம் ஒன்றுமே முன்னேறாதது போல இருக்கும். அந்த வாரங்களில்தான் உடம்பு கற்றுக்கொண்டிருக்கிறது. பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள்.

பயிற்சிப் பள்ளி தேடுகிறவர்கள் கட்டண விவரம் கேட்பதற்கு முன் லாயத்தைச் சுற்றிப் பாருங்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? குதிரைகளின் விலா எலும்பு துருத்துகிறதா? சேணம் பதியும் இடத்தில் முடி வெளுத்த பழைய புண்தழும்புகள் உண்டா? ஒரு குதிரை ஒரு நாளில் எத்தனை வகுப்பு ஓடுகிறது, எந்த நாள் அதற்கு ஓய்வு, லாடக்காரர் கடைசியாக எப்போது வந்தார் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிற இடமாக இருக்க வேண்டும். வகுப்புக்கு முன் என் பிள்ளை அரைமணி நேரம் துலக்கலாமா, குளம்பு சுத்தம் செய்யலாமா என்றும் கேளுங்கள். அதெல்லாம் சைஸ் பார்த்துக்கொள்வார், நீங்கள் ஏறினால் போதும் என்று சொன்னால், தயவுசெய்து அடுத்த பள்ளியைப் பாருங்கள்.